கடித உறையைக் கிழித்து எறியாதீர்கள்!

கடிதம் மறைந்து வருகிறது. அதன் சரித்திரத்தைக் காப்பாற்றுவது யார்?

டென்மார்க், ஐரோப்பாவின் வடக்கே உள்ள ஒரு சிறிய நாடு. 1624-ம் ஆண்டு அந்த நாட்டின் அரசர் நான்காம் கிறிஸ்டியன் தபால் சேவையை ஆரம்பித்து வைத்தார். போர் வந்தது, பஞ்சம் வந்தது, அரசர்கள் மாறினார்கள். தபால் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

2025-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி அது நின்றது. அரசுக்குச் சொந்தமான தபால் நிறுவனம் அன்றோடு கடிதம் கொண்டு போவதை விட்டுவிட்டது. தெரு ஓரங்களில் நின்ற 1,500 சிவப்புத் தபால் பெட்டிகளும் அகற்றப்பட்டன. இனி அங்கே கடிதம் அனுப்ப வேண்டுமானால், தனியார் கம்பெனியைத்தான் தேடிப் போக வேண்டும்.

ஏன் இப்படி ஆயிற்று? 2000-ம் ஆண்டில் அந்த நாட்டு மக்கள் அனுப்பிய கடிதங்கள் 140 கோடிக்கு மேல். 2024-ம் ஆண்டில் அது சுமார் 11 கோடியாகச் சுருங்கி விட்டது. சுமைகூலிக்குக் கூடக் கட்டவில்லை!

நம் நாட்டில் நிலை என்ன?

நம் நாட்டில் அவ்வளவு தூரம் போகவில்லை. இந்தியாவில் 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தபால் ஆபீசுகள் இருக்கின்றன. தபால்காரர் இன்னும் வருகிறார். ஆனால் அவர் பையில் இருப்பவை பெரும்பாலும் பாங்கிக் கடிதம், பார்சல், நோட்டீசு. "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதிய கடிதம் அபூர்வமாகி விட்டது.

2013-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி இரவோடு தந்தி மறைந்தது. 2025-ம் ஆண்டில் ரிஜிஸ்தர் தபால், விரைவுத் தபாலோடு சேர்க்கப்பட்டது. "ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன், கையெழுத்துப் போட்டு வாங்கினார்" என்று கோர்ட்டில் சாட்சி சொன்ன அந்தப் பழைய தனிச் சேவை இன்று இல்லை.

இதற்காக யாரும் அழ வேண்டியதில்லை. டெலிபோன் சீக்கிரம் பேசுகிறது. துபாயில் இருக்கும் மகனின் முகத்தைத் தாய் அன்றாடம் பார்க்கிறாள். கடிதத்துக்காக ஒரு மாதம் காத்திருந்த காலத்தை விட இது நல்ல காலமே.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். டெலிபோன் பேச்சு காற்றோடு போகிறது. கடிதம் அப்படி அல்ல. அது தேதியோடு, ஊர்ப் பெயரோடு, முத்திரையோடு நின்றது. நேற்று வரை வாழ்ந்த சாதாரண மக்களின் சரித்திரத்தில் பெரும் பகுதி அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. அந்தக் காகிதம் இப்போது பழைய பேப்பர் கடைக்குப் போய்க் கொண்டிருக்கிறது.

அதைத் தடுக்க ஒரு சிறு கூட்டம் முயன்று வருகிறது. அவர்கள்தான் தபால் தலை சேகரிப்போர் சங்கத்தார்.

சங்கத்தில் என்ன நடக்கிறது?

"தபால் தலை சேர்ப்பது சிறுவர் விளையாட்டுத்தானே? இதற்கு ஒரு சங்கமா?" என்று சிலர் கேட்பது உண்டு.

உலகத்தின் முதல் தபால் தலை 1840-ம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1869-ம் ஆண்டிலேயே லண்டனில் ஒரு சங்கம் ஏற்பட்டு விட்டது. நம் நாட்டில் 1897-ம் ஆண்டு கல்கத்தாவில் இந்திய தபால் தலைச் சங்கம் தொடங்கியது. இந்தியத் தபால் தலைகளை மட்டும் ஆராய, 1950-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு தனிக் குழு அமைந்தது. சென்னையில் 1956-ம் ஆண்டு தென்னிந்திய தபால் தலை சேகரிப்போர் சங்கம் பிறந்தது.

இத்தகைய சங்கங்களில் அங்கத்தினர்கள் கூடுவார்கள். தங்களிடம் இருப்பதைக் காட்டுவார்கள். இல்லாததை மாற்றிக் கொள்வார்கள். பூதக்கண்ணாடியை வைத்துக் கொண்டு காகிதத்தைப் பார்ப்பார்கள், மையைப் பார்ப்பார்கள், ஓரத்து ஓட்டைகளை எண்ணுவார்கள். கண்டுபிடித்ததைச் சங்கப் பத்திரிகையில் எழுதுவார்கள்.

இவர்களில் ஒரு சாரார் உலக நாடுகள் எல்லாவற்றின் தபால் தலைகளையும் சேர்ப்பவர்கள். இன்னொரு சாரார் ஒரே ஒரு பகுதியை எடுத்துக் கொள்வார்கள். ஒரு சமஸ்தானம், ஒரு ஜில்லா, சில சமயம் ஒரே ஒரு ஊர்! அந்த ஊரில் எப்போது தபால் ஆபீசு வந்தது, என்ன முத்திரை குத்தினார்கள், கடிதம் எந்த வழியாகப் போயிற்று என்று துருவிப் பார்ப்பார்கள்.

இந்த இரண்டாவது சாராரின் வேலைதான் இன்று மிகவும் அவசரமானது. ஏன் என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

சமஸ்தானங்களின் தபால்

வெள்ளைக்காரர் ஆட்சியில் 1852-ம் ஆண்டு ஜூலை முதல் தேதி, சிந்து மாகாணத்தில் தபால் தலை வெளியிடப்பட்டது. அதுதான் ஆசியாவின் முதல் தபால் தலை. வட்டமாக இருந்தது. விலை அரை அணா. முதலில் சிவப்பு அரக்கில் செய்தார்கள். அது நொறுங்கிப் போயிற்று. பிறகு காகிதத்தில் அச்சிட்டார்கள்.

1854-ம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, இந்தியா முழுவதற்கும் பொதுவான தபால் தலை வந்தது. கால் தோலா எடையுள்ள கடிதத்தை அரை அணாவுக்கு எவ்வளவு தூரமும் அனுப்பலாம் என்று ஆயிற்று. ஏழைக்கும் தபால் எட்டியது.

ஆனால் நாடு முழுவதும் வெள்ளைக்காரர் நேராக ஆளவில்லை. நூற்றுக்கணக்கான சமஸ்தானங்கள் இருந்தன. அவற்றில் சில சொந்தமாகத் தபால் நடத்தின. மைசூரில் சிக்கதேவராஜ உடையார் 1672-ம் ஆண்டிலேயே தபால் ஏற்படுத்தினார். 1889-ம் ஆண்டு அது வெள்ளைக்காரர் தபாலோடு சேர்ந்தது. மற்ற சமஸ்தானங்களும் ஒவ்வொன்றாகத் தபாலை விட்டுக் கொடுத்தன.

விட்டுக் கொடுக்காமல் கடைசி வரை நின்ற சில சமஸ்தானங்களில் இரண்டு, நமக்கு அண்டையில் இருந்த திருவாங்கூரும் கொச்சியும்.

சங்கும் சக்கரமும்

திருவாங்கூர்த் தபாலுக்குப் பெயர் "அஞ்சல்". இன்று "அஞ்சல் நிலையம்" என்று நாம் பலகையில் படிக்கிறோமே, அதே சொல்தான்.

தபால் தலை வருவதற்கு வெகு காலம் முன்பே அங்கே அஞ்சல் ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். தோளில் பை, கையில் மணி கட்டிய தடி. மணிச் சத்தம் கேட்டால் வழியில் நிற்பவர்கள் ஒதுங்க வேண்டும். அஞ்சல்காரரை மறிப்பது குற்றம்!

1888-ம் ஆண்டு திருவாங்கூர் தனது முதல் தபால் தலையை வெளியிட்டது. அதில் ராஜா படம் இல்லை. சங்குதான் இருந்தது. அது சமஸ்தானத்தின் சின்னம். விலையும் அணாவில் இல்லை, சக்கரத்தில் இருந்தது. சக்கரம் என்பது திருவாங்கூர் நாணயம். சுமார் 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு ரூபாய். 16 காசு சேர்ந்தால் ஒரு சக்கரம். கொச்சி 1892-ம் ஆண்டு தன் தபால் தலையை வெளியிட்டது. அங்கே கணக்கு "புத்தன்" என்ற நாணயத்தில்!

ஒரே ஊர், இரண்டு தபால்

நாகர்கோவில் அப்போது திருவாங்கூரில் இருந்தது. அங்கிருந்து திருவனந்தபுரத்துக்குக் கடிதம் எழுத வேண்டுமா? சங்குத் தலை ஒட்டி அஞ்சல் பெட்டியில் போட வேண்டும். திருநெல்வேலிக்கு எழுத வேண்டுமா? வெள்ளைக்கார ராஜா தலை ஒட்டி இந்தியத் தபாலில் போட வேண்டும்.

அண்ணனுக்கு ஒரு தபால்; தம்பிக்கு வேறு தபால்!

1936-ம் ஆண்டு நவம்பர் மாதம் திருவாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள், ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். தாழ்த்தப்பட்டவர்கள் என்று தள்ளி வைக்கப்பட்ட மக்களுக்குச் சமஸ்தானக் கோவில்களின் கதவு திறந்தது. அதை நினைவுகூர்ந்து 1937-ம் ஆண்டு தபால் தலைகள் வெளியாயின. மகாராஜா உருவமும் கோவில் தோற்றமும் அவற்றில் இருக்கும். அதுவரை கோவில் வாசலில் நிறுத்தப்பட்டிருந்த குடும்பங்களுக்கும் அந்தத் தலை ஒட்டிய கடிதம் வந்திருக்கும். அப்படி ஓர் உறை இருந்தால், அது சரித்திரப் பாடத்தில் ஒரு பக்கம் அல்லவா?

1949-ம் ஆண்டு ஜூலை முதல் தேதி திருவாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. புதுத் தலை அச்சடிக்க நேரம் இல்லை. பழைய தலைகளின் மேலேயே புது விலையை அச்சடித்தார்கள். அவசரத்தில் சில தலைகளில் எழுத்து தலைகீழாக விழுந்தது. 1951-ம் ஆண்டில் அஞ்சல், இந்தியத் தபாலோடு கலந்து மறைந்தது.

1956-ம் ஆண்டு நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. அதாவது, அஞ்சல் சரித்திரத்தில் ஒரு பகுதி தமிழ்நாட்டுச் சரித்திரமும் ஆகிறது. அந்த வட்டாரத்துப் பழைய வீடுகளின் பரண்களில் சங்குத் தலை ஒட்டிய உறைகள் இன்னும் இருக்கலாம். வீட்டுக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம்!

உறை என்ன சொல்லும்?

சாதாரண மனிதர் தபால் தலையைப் பார்ப்பார். சங்கத்துக்காரர் உறை முழுவதையும் பார்ப்பார்.

முன்பக்கத்து முத்திரை, கடிதம் புறப்பட்ட ஊரையும் தேதியையும் சொல்லும். பின்பக்கத்து முத்திரை, வந்து சேர்ந்த ஊரையும் தேதியையும் சொல்லும். இரண்டையும் கழித்தால், அன்று அந்த வழியில் கடிதம் போக எத்தனை நாள் ஆயிற்று என்று தெரிந்து விடும். ரயில் வருமுன் எத்தனை நாள், வந்த பின் எத்தனை நாள் என்று ஒப்பிடலாம்.

தலை ஒட்டாமல் அனுப்பிய கடிதத்துக்கு வாங்குகிறவர் இரட்டைக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கும் ஒரு முத்திரை உண்டு. யுத்த காலத்தில் அதிகாரிகள் கடிதத்தைப் பிரித்துப் படித்து, காகிதத் துண்டு ஒட்டி மூடினார்கள். அந்த அடையாளமும் உறையில் இருக்கும்.

ரங்கூனிலிருந்து வந்த கடிதம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வியாபாரக் குடும்பங்களுக்கு ரங்கூன், பினாங்கு, சைகோன் நகரங்களிலிருந்து கடிதங்கள் குவிந்தன. அந்த உறைகளை இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் தேடி வாங்குகிறார்கள். பர்மாவின், மலாயாவின், இந்தோ சீனாவின் தபால் சரித்திரத்தை அறிய அவை உதவுகின்றன!

1937-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி பர்மா, இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. இந்தியத் தலைகளின் மேல் "பர்மா" என்று அச்சடித்து அங்கே விற்றார்கள். ஆகவே, ஓர் உறையைப் பார்த்தவுடன் அது பிரிவினைக்கு முன் வந்ததா, பின் வந்ததா என்று சொல்லி விடலாம்.

1942-ம் ஆண்டு மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. கடிதப் போக்குவரத்து அறுந்தது. ஏராளமான தமிழர்கள் காட்டு வழியாக நடந்தே ஊர் திரும்பினார்கள். வழியில் மாண்டவர்கள் எத்தனையோ பேர். அந்த ஆண்டு தை, மாசியில் ரங்கூனிலிருந்து வந்த ஓர் உறை ஒரு வீட்டில் இருக்குமானால், அதுவே அந்தக் குடும்பத்தாருக்குக் கிடைத்த கடைசிச் செய்தியாக இருக்கலாம். அதன் மேல் உள்ள தேதியை வேறு எந்தப் புத்தகத்திலும் காண முடியாது.

டில்லியில் தேசிய தபால் தலைக் காட்சிசாலை இருக்கிறது. அங்கே தபால் தலைகளைப் பாதுகாக்கிறார்கள். ஆனால் ஒரு கிராமத்து வீட்டுக்கு வந்த உறை அந்த வீட்டில்தான் இருக்கும். அங்கே அழிந்தால் அதோடு சரி.

லட்ச ரூபாய் கிடைக்குமா?

"பழைய தபால் தலைக்குக் கோடி ரூபாய்" என்ற செய்தியைப் படித்தவுடன் பலர் பரணில் ஏறுகிறார்கள்.

செய்தி பொய் அல்ல. 1948-ம் ஆண்டு வெளிவந்த காந்தியடிகளின் 10 ரூபாய்த் தலையில் "சர்வீஸ்" என்று அச்சடித்துச் சர்க்கார் உபயோகத்துக்கென்று மிகச் சில தலைகள் தயாராயின. அப்படிப்பட்ட நான்கு தலைகள் ஒரே துண்டாக 2017-ம் ஆண்டு 5 லட்சம் பவுனுக்கு விலை போயின. நம் கணக்கில் சுமார் 4 கோடி ரூபாய்!

ஆனால் அது ஆயிரத்தில் ஒன்று அல்ல, கோடியில் ஒன்று. லட்சக் கணக்கில் அச்சடித்த தலைகளுக்குப் பெரிய விலை இல்லை. இன்னொரு விஷயம்: சமஸ்தானத் தலைகளில் போலிகள் ஏராளம். அசலா, போலியா என்று அறிய அனுபவம் வேண்டும். சங்கத்துக்குப் போனால் விசாரித்துச் சொல்வார்கள். அவசரப்படுத்தி விலை பேசும் மனிதரிடம் ஜாக்கிரதை!

உண்மையில், சாதாரணத் தலைதான். ஆனால் அபூர்வமான கிராமத்து முத்திரை இருக்கிறது என்றால், தலையை விட உறைக்குத்தான் மதிப்பு அதிகம். தலையை மட்டும் வெட்டி எடுத்தால் இரண்டும் கெட்டது. சிறுவர்கள் தண்ணீரில் ஊறவைத்துத் தலையை உரித்தெடுத்த வழக்கத்தால் அழிந்த சரித்திரம் கொஞ்சம் அல்ல.

சங்கங்கள் செய்ய வேண்டியது

சங்கங்களிடமும் குறை உண்டு. சேகரித்ததைப் பெட்டியில் பூட்டி வைத்துக் கொள்ளும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அவர் போன பிறகு, அதன் அருமை தெரியாத வாரிசுகள் கிடைத்த விலைக்குத் தள்ளி விடுகிறார்கள். ஐம்பது ஆண்டு உழைப்பு ஒரே நாளில் சிதறிப் போகிறது.

ஆராய்ச்சியும் பெரும்பாலும் இங்கிலீஷில் நடக்கிறது. தமிழிலோ மலையாளத்திலோ எழுதிய விலாசத்தை லண்டனில் இருப்பவர் எப்படிப் படிப்பார்? பெயர் மாறிப்போன ஊரை அவர் எப்படி அறிவார்? ஊர்க்காரருக்கே அது தெரியும். ஆகவே சங்கங்கள் நகரத்து மண்டபத்தை விட்டு ஊர் நூலகங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வர வேண்டும். உறைகளைப் படம் பிடித்து, விவரத்தைத் தமிழில் எழுதி, எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும். உறை வீட்டிலேயே இருக்கட்டும். அதன் படம் நாட்டுக்குக் கிடைக்கட்டும்.

தபால் இலாகா 2017-ம் ஆண்டில் "ஸ்பர்ஷ்" என்ற உதவித் தொகைத் திட்டத்தை ஆரம்பித்தது. தபால் தலை சேகரிப்பில் ஆர்வமுள்ள 6 முதல் 9-ம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்று அறிவித்தது. நல்ல முயற்சி. புதுத் தலைகளைச் சேர்க்கக் கற்றுக் கொடுப்பதோடு, தாத்தா வீட்டு உறையைப் படிக்கவும் கற்றுக் கொடுத்தால் இன்னும் நல்லது.

உறையின் வயதை அறிவது எப்படி?

முத்திரை தெளிவாக இல்லாவிட்டாலும், வீட்டில் உள்ளவர்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம்:

விலை அணாவில் இருந்தால், அந்தத் தலை 1957-ம் ஆண்டு ஏப்ரலுக்கு முன் அச்சானது.

"நயா பைசா" என்று இருந்தால், 1957-க்கும் 1964-க்கும் இடையில் வெளிவந்தது.

விலாசத்தில் "சென்னை ராஜ்யம்" என்று இருந்தால், பெரும்பாலும் 1969-க்கு முந்தியது. அந்த ஆண்டு பொங்கலன்றுதான் "தமிழ்நாடு" என்ற பெயர் அமலுக்கு வந்தது.

விலாசத்தில் ஆறு இலக்கப் பின்கோடு எண் இருந்தால், 1972-ம் ஆண்டு ஆகஸ்டு 15-க்குப் பிந்தியது.

சக்கரம், காசு என்று இருந்து, சங்கும் இருந்தால்? அது திருவாங்கூர் அஞ்சல். 1951-ம் ஆண்டோடு முடிந்து போனது!

வீட்டில் செய்ய வேண்டியது

பழைய தகரப் பெட்டி கிடைத்தால் முதலில் எதையும் வெட்டாதீர்கள். தலையை உரிக்காதீர்கள். கிழிந்த இடத்தில் பசை நாடா ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக்கில் வைத்துச் சூடேற்றி ஒட்டவும் கூடாது. பிறகு பிரிக்கவே முடியாது. ஈரமும் வெயிலும் படாத இடத்தில், சுத்தமான காகிதத்துக்கு இடையில் வையுங்கள்.

உள்ளே இருக்கும் கடிதத்தில் குடும்ப விஷயம் இருக்கலாம். அதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. உறையைக் காட்டினால் போதும்.

முக்கியமான வேலை ஒன்று உண்டு. வீட்டில் உள்ள வயதானவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள். "இதை எழுதியது யார்? எந்த ஊரிலிருந்து? அங்கே அவர் என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டு, தனிக் காகிதத்தில் எழுதி, அந்த உறையோடு சேர்த்து வையுங்கள். முத்திரையைச் சங்கத்துக்காரர் படித்துச் சொல்வார். ஆனால் எழுதியவர் யார் என்று அவரால் சொல்ல முடியாது. அதைச் சொல்லக் கூடியவர் பாட்டி ஒருவர்தான். அவரிடம் இந்த வாரமே கேட்டு விடுங்கள்!